வளைவில் தரை தொடும் ஃபுட்பெக்: மாற்றுப் பெக் வகைகள் குறித்த மதிப்பீடு

மோட்டார் சைக்கிளுக்கு மாற்று ஃபுட்பெக் (ஓட்டுபவர் பாதம் வைக்கும், பக்கவாட்டில் நீளும் சிறு மிதி; சுருக்கமாகப் பெக்) வாங்குவோர் பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காகவே வாங்குகிறார்கள். ஒன்று தோற்றம், மற்றொன்று, வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது பெக் தரையில் உரசக் கூடாது என்ற விருப்பம். தோற்றம் அவரவர் ரசனை என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன். இரண்டாவது காரணத்தைப் பொறுத்தவரை, தயாரிப்பாளர்களின் பட்டியல்கள் அனைத்தும் ‘கூடுதல் சாய்வு’ என்ற ஒரே வாக்குறுதியைத் தருகின்றனவே தவிர, எத்தனை டிகிரி கூடும், அதற்கு ஈடாக எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை அரிதாகவே சொல்கின்றன. ஆகவே இந்த மதிப்பீட்டில் ஒவ்வொரு வகைப் பெக்கையும் ஒரே அளவுகோலால் அளந்திருக்கிறேன்: பொருத்திய பிறகு, சற்றுத் தாமதமாகவேனும், வண்டியின் வேறெந்தப் பாகத்துக்கும் முன்பாக அந்தப் பெக்கே தரையைத் தொடுகிறதா, தொடும்போது மடங்கிக் கொடுக்கிறதா?

இந்த அளவுகோலுக்குக் காரணம் உண்டு. சாலை வண்டிகளில் ஃபுட்பெக் மேல்நோக்கி மடங்கும்படி கீல் வைத்து அமைக்கப்படுவது, அது தரையைத் தொடும் என்பதை வடிவமைப்பாளர் எதிர்பார்த்திருப்பதால்தான். மடங்கும் பெக் உரசும்போது ஒலி கேட்கும், பாதத்தில் அதிர்வு தெரியும், வண்டி தன் பாதையிலேயே தொடரும். மடங்காத ஒரு பாகம், உதாரணமாகச் சென்டர் ஸ்டாண்டின் கால் அல்லது சைலன்சரைத் தாங்கும் பிராக்கெட், அதே வேகத்தில் தரையில் முட்டினால், அது நெம்புகோலாக வேலை செய்து பின்சக்கரத்தின் எடையைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். டயர் பிடிப்பை இழந்துவிடும். பெக்கின் முனைக்கு அடியில் திருகப்பட்டிருக்கும் ஃபீலர் என்ற சிறு உலோக முனை இந்த எச்சரிக்கையை இன்னும் சற்று முன்கூட்டியே தருவதற்காக வைக்கப்பட்டது. பெக் உரசுவதை வெறும் குறையாக எண்ணி அதைக் களையப் புறப்படுபவர், தன் வண்டியின் எச்சரிக்கை மணியைக் கழற்றுகிறார் என்பதை அறிந்தே அதைச் செய்ய வேண்டும்.

வாங்குவதற்கு முன் உங்களுக்கு இது தேவையா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஃபீலரின் முனையும் பெக்கின் வெளி விளிம்பும் தேயாமல் புதிதாகவே இருந்தால், நீங்கள் பயன்படுத்தும் சாய்வுக்கு இப்போதுள்ள இடைவெளியே போதும். தேய்மானம் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால், காரணம் ஓட்டும் முறையிலோ வழக்கமாகச் செல்லும் பாதையின் அமைப்பிலோ இருக்கலாம். இருபுறமும் தேய்ந்திருந்தாலும், முதலில் கவனிக்க வேண்டியது பெக் அல்ல, சஸ்பென்ஷன். வளைவில் சாய்ந்திருக்கும் வண்டியின் சஸ்பென்ஷன் நேர்ச் சாலையில் தாங்குவதைவிட அதிகச் சுமையைத் தாங்குகிறது. 42 டிகிரி சாய்வில் அந்தச் சுமை ஏறக்குறைய 1.35 மடங்கு. ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, ஓட்டுபவரின் எடைக்கேற்ப ப்ரீலோட் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு) அமைக்கப்படாமல் இருந்தாலோ, வண்டி முழுவதுமே கீழே அமர்ந்துவிடுகிறது, பெக்கும் அதனுடன் இறங்குகிறது. பின்சக்கர அச்சிலிருந்து 500 மி.மீ முன்னால் பெக் இருக்கும், 1400 மி.மீ சக்கர இடைத்தூரம் கொண்ட ஒரு வண்டியில், பின்பகுதியை 10 மி.மீ உயர்த்தினால் பெக்கின் இடத்தில் 6 மி.மீக்குச் சற்று அதிகமாக உயரும். ஒரு ஸ்பேனரைத் திருப்புவதால் கிடைக்கும் இந்த உயரத்துக்குச் செலவே இல்லை. பின்பகுதியை அளவுக்கு மீறி உயர்த்தினால் ஸ்டீயரிங் கோணம் செங்குத்தாகி, வண்டி பதற்றமாகத் திரும்பும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

ஓட்டுபவரின் உடலும் இந்தக் கணக்கில் உண்டு. வண்டி 200 கிலோ, ஓட்டுபவர் உடையோடு 75 கிலோ என்று கொள்வோம். அவர் தன் உடலின் எடை மையத்தை வளைவின் உட்பக்கமாக 10 செ.மீ நகர்த்தினால், மொத்த எடை மையம் ஏறக்குறைய 27 மி.மீ நகரும். அந்த மையம் தரையிலிருந்து 600 மி.மீ உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், அதே வளைவை அதே வேகத்தில் கடக்க வண்டி 2.6 டிகிரி குறைவாகச் சாய்ந்தால் போதும். பல மாற்றுப் பெக்குகள் தருகின்ற மொத்த ஆதாயம் இந்த அளவுதான் என்பதைக் கீழே வரும் எண்கள் காட்டும். இதைச் சொல்வது பெக் வாங்காதீர்கள் என்பதற்காக அல்ல. வாங்கும் பொருளிடம் நியாயமான அளவுக்கு எதிர்பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான்.

இனிக் கணக்கு. வண்டியை நிமிர்த்தி, ஒருவர் அதன்மேல் அமர்ந்திருக்க, பெக் முனையின் அடிப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும், வண்டியின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்றும் அளந்து, உயரத்தைத் தூரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். உயரம் 300 மி.மீ, தூரம் 330 மி.மீ என்றால் ஈவு 0.91; அதற்குரிய சாய்கோணம் சுமார் 42.3 டிகிரி. டயரின் அகலத்தைக் கணக்கில் சேர்க்காத இந்த எளிய முறையில், அந்த ஈவே பெக் உரசாமல் வண்டி பெறக்கூடிய பக்கவாட்டு முடுக்கத்தையும் புவியீர்ப்பின் பங்காகக் காட்டிவிடுகிறது. இப்போது பெக்கை 20 மி.மீ உயர்த்தினால் ஈவு 0.97 ஆகி, கோணம் 44.1 டிகிரி ஆகிறது. உயர்த்தாமல், அதே பெக்கை 20 மி.மீ குட்டையாக்கினாலோ கோணம் 44.06 டிகிரி, வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். கடைகள் உயரத்தைப் பற்றியே பேசுகின்றன, ஆனால் 45 டிகிரிக்கு அருகில் சாயும் வண்டிகளில் நீளத்தைக் குறைப்பது உயரத்தைக் கூட்டுவதற்குச் சமமான பலனைத் தருகிறது, முழங்காலையும் மடக்குவதில்லை. இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்ள விரும்புபவர் இதை எடுத்துக்கொள்ளலாம்.

உண்மையான டயருக்கு அகலம் உண்டு, சாயும்போது அதன் தொடுபரப்பு உட்பக்கமாக நகர்கிறது. டயரின் குறுக்குவெட்டு ஆரம் 90 மி.மீ என்று கொண்டு மேற்சொன்ன பெக்கையே மீண்டும் கணக்கிட்டால், அது 42 அல்ல, 45 டிகிரியைத் தாண்டித்தான் தொடும். ஆனால் அகலமான டயர் கொண்ட வண்டி அதே வேகத்துக்கு அதிகமாகச் சாயவும் வேண்டியிருப்பதால், ஒரு பெக்கை மற்றொன்றோடு ஒப்பிடுவதற்கு எளிய கணக்கே போதுமானது. அந்த ஒப்பீட்டை வேகமாக மாற்றிப் பார்த்தால் சற்று ஏமாற்றம்தான் மிஞ்சும்: ஈவு 0.91லிருந்து 0.97 ஆகும்போது ஒரே வளைவில் கூடும் வேகம் ஏறக்குறைய 3 சதவீதம், அதாவது மணிக்கு 80 கி.மீ வேகத்தில் கடந்த வளைவில் 3 கி.மீக்கும் குறைவு. சாலையில் ஓட்டுபவருக்கு இதன் மதிப்பு வேகத்தில் இல்லை; எதிர்பாராமல் இறுகும் வளைவிலோ, பள்ளத்தில் சஸ்பென்ஷன் அமுங்கும் தருணத்திலோ கையிருப்பாக இருக்கும் அந்த இரண்டு டிகிரியில்தான் இருக்கிறது.

அடுத்த அளவீட்டைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. பெக்குக்கு அளந்ததைப் போலவே சைடு ஸ்டாண்டு, சென்டர் ஸ்டாண்டு, சைலன்சர், பிரேக் பெடல், கியர் லீவர், அடிப்பகுதிக் கவசம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் உயரத்தையும் தூரத்தையும் அளந்து வகுத்து, இடது, வலது என்று தனித்தனியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எதன் ஈவு மிகக் குறைவோ அது முதலில் தொடும். மேலே எடுத்துக்கொண்ட வண்டியில் பெக்கின் ஈவு 0.91, 175 மி.மீ உயரத்தில் 180 மி.மீ தள்ளி நிற்கும் சைடு ஸ்டாண்டு முனையின் ஈவு 0.97 என்று வைத்துக்கொள்வோம். பெக்கை 20 மி.மீ உயர்த்துவதோடு 20 மி.மீ குட்டையாகவும் ஆக்கினால் அதன் ஈவு 1.03 ஆகிவிடும். காகிதத்தில் மூன்றரை டிகிரி லாபம். சாலையில் இனி முதலில் தொடப்போவது மடங்காத இரும்பு ஸ்டாண்டு. இத்தகைய வண்டிக்குப் பெக்கின் ஈவை 0.95க்கு மேல் கொண்டுபோகும் எந்தத் தயாரிப்பையும், அது எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்தெடுக்கப்பட்டிருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன். சென்டர் ஸ்டாண்டைக் கழற்றுவது, ஸ்டாண்டின் நீட்டு முனையை மாற்றுவது போன்ற வேலைகளுக்குத் தயாராக இருப்பவருக்கு மட்டும் எல்லை சற்று விரியும்.

மாற்று வழிகளில் மிக எளியது ஃபீலரை மட்டும் கழற்றிவிடுவது. பெக் முனைக்கு நேர் கீழே 25 மி.மீ நீட்டிக்கொண்டிருக்கும் ஃபீலர் போனால், முன்சொன்ன கணக்கில் 2 டிகிரிக்கு மேல் கிடைக்கும். எதையும் வாங்க வேண்டியதில்லை, கால் வைக்கும் இடமும் மாறுவதில்லை. ஆனால் எச்சரிக்கைக்கும் உண்மையான எல்லைக்கும் இடையே இருந்த இடைவெளியை அது அப்படியே விழுங்கிவிடுகிறது. நீளமான ஃபீலரைக் குட்டையான, உருண்டை முனை கொண்ட ஒன்றால் மாற்றுவது இதைவிடச் சமநிலையான வழி. கழற்றிய துளையைத் திறந்து விடாமல் தகுந்த திருகால் அடைத்துவிடுங்கள்; மண் புகுந்து மரை கெட்டுப்போனால் பின்னால் எதையும் அதில் பொருத்த முடியாது.

அடுத்தது, பழைய பிராக்கெட்டிலேயே பழைய பெக்குக்குப் பதிலாகப் பொருந்தும் குட்டையான அலுமினியப் பெக். என் கணிப்பில் சாலையில் ஓட்டும் பெரும்பாலோருக்கு ஏற்றது இந்த வகைதான். தொழிற்சாலைப் பெக்கின் மேல் இருக்கும் ரப்பர் உறையும், முனையின் தடிமனும் ஃபீலரும் போய்விடுவதால், பிராக்கெட்டைத் தொடாமலே சில மில்லிமீட்டர் உயரமும் நீளக் குறைவும் ஒருசேரக் கிடைக்கின்றன. இத்தாலியின் ரிசோமா போன்ற நிறுவனங்கள் பெக்கைத் தனியாகவும், ஒவ்வொரு வண்டி மாடலுக்கும் உரிய அடாப்டரைத் தனியாகவும் விற்கின்றன. வண்டியை மாற்றினாலும் பெக்கை வைத்துக்கொள்ள இது உதவும். அதே சமயம், அடாப்டரும் பெக்கும் சேரும் இடத்தில் ஒரு திருகு கூடுதலாக வருகிறது, அதை அவ்வப்போது இறுக்கிப் பார்க்கும் வேலையும் கூடவே வருகிறது.

இந்த வகையில் தரத்தைப் பிரித்துக் காட்டுவது பளபளப்போ நிறமோ அல்ல, கீல்தான். பெக்கைப் பிராக்கெட்டில் செருகி, கீலின் அச்சான பின்னைப் போட்டு, அது நழுவாமல் பிடிக்கும் சர்க்கிளிப் என்ற வளையத்தை மாட்டிய பிறகு, முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கீலில் சிறிது தளர்வு இருந்தாலே முனையில் பல மில்லிமீட்டராகத் தெரியும். பாதத்துக்கு அது நம்பகமின்மையாகப் படும். மேல்நோக்கித் தள்ளினால் பெக் தடையின்றி மடங்க வேண்டும், கையை எடுத்தவுடன் ஸ்பிரிங் அதைத் தன் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். விலை மலிந்த சில தயாரிப்புகளில் கீலின் நாக்குப் பகுதி தேவைக்கு மேல் தடிமனாக இருந்து, பெக் பாதி மடங்கியவுடன் பிராக்கெட்டில் சிக்கிக்கொள்கிறது. மடங்கிய பெக் திரும்பாமல் நின்றுவிட்டால், வளைவிலிருந்து நிமிரும் ஓட்டுநரின் கால் காற்றைத்தான் மிதிக்கும். பழைய ஸ்பிரிங்கை மாற்றாமல் புதிய பெக்கோடு பயன்படுத்தச் சொல்லும் தயாரிப்புகளில், வாங்கியவர் பழைய ஸ்பிரிங்கின் நிலையையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. பின்னையும் சர்க்கிளிப்பையும் புதிதாகவே போடுவது நல்லது. கழற்றும்போது விரிந்துபோன சர்க்கிளிப் மறுபடி பள்ளத்தில் இறுகப் பிடிக்காது.

உலோகத்தைப் பற்றிய விளம்பரங்களில் 6061, 7075 என்ற இரண்டு அலுமினியக் கலவை எண்கள் அடிக்கடி வரும். டி6 என்ற வெப்பப் பதத்தில் 6061 ஏறக்குறைய 275 மெகாபாஸ்கல் வரை வளையாமல் தாங்கும், 7075 ஏறக்குறைய 500 வரை தாங்கும். எண்ணைப் பார்த்து 7075 மேல் என்று முடிவு கட்டத் தோன்றும். பெக்குக்கு நான் 6061ஐயே விரும்புகிறேன். விழும்போது சற்று வளைந்து அடியின் ஆற்றலை உள்வாங்கிக்கொள்கிறது, ஈரத்தில் அரிப்பையும் 7075ஐவிட நன்றாகத் தாங்குகிறது. டைட்டானியம் பெக் உரசும்போது வெள்ளைப் பொறி பறக்கும், பார்க்க நன்றாக இருக்கும். இடைவெளிக்கு அதனால் பயன் ஒன்றும் இல்லை.

பாதம் பதியும் மேற்பரப்பைப் பற்றி இன்னொரு சொல். நர்லிங் எனப்படும் கூர்மையான சொரசொரப்பு வெட்டு ஈரத்திலும் பூட்ஸை நகரவிடாமல் பிடிக்கும். வளைவில் வெளிப்பக்கக் காலால் பெக்கை அழுத்தி உடலை நகர்த்துபவருக்கு இந்தப் பிடிப்பு உண்மையிலேயே வேண்டியது. ஆனால் அதே கூர்மை மெல்லிய காலணியின் அடியைச் சீக்கிரமே அரித்துவிடும், பாதத்தை முன்பின் நகர்த்திக் கியர் போடுவதையும் சிரமமாக்கும். ரப்பர் நீங்கியவுடன் எஞ்சினின் அதிர்வு நேரடியாகப் பாதத்துக்கு வருகிறது. நெடுந்தூரம் ஓட்டுபவர்கள் மேற்பகுதியில் ரப்பர் பட்டை பதித்த அலுமினியப் பெக்கைத் தேர்ந்தெடுப்பது அறிவார்ந்த சமரசம். அந்தப் பட்டை தனியாக மாற்றக் கிடைக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, உயரத்தை மாற்றிக்கொள்ளும் இணைப்பு கொண்ட பெக்குகள். ஜெர்மனியின் எஸ்டபிள்யூ-மோட்டெக், அமெரிக்காவின் நைட் டிசைன் போன்றோர் இத்துறையில் பெயர் பெற்றவர்கள். ஆனால் வாங்குபவர் இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்: இத்தகைய பெக்குகளில் கணிசமானவை பயண வசதிக்காகக் காலைத் தாழ்த்துவதற்கென்றே உருவாக்கப்பட்டவை. முழங்கால் வலிக்கு அவை நல்ல மருந்து, வளைவு இடைவெளிக்கோ நேர் எதிரானவை. 25 மி.மீ தாழ்த்திய பெக் முன்சொன்ன எடுத்துக்காட்டில் கோணத்தை 40 டிகிரிக்கும் கீழே இறக்கிவிடும். மையம் விலகிய இணைப்பைத் திருப்பிப் போட்டு மேல்நோக்கியும் அமைக்க முடிகிற தயாரிப்புகள் சில உண்டு. அவற்றை வாங்குவதானால், மேல்நிலையில் வைத்த பிறகும் பெக் முழுமையாக மடங்குகிறதா என்பதை உங்கள் வண்டியிலேயே சோதித்துப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் பிவட் பெக்ஸ், பாதத்தோடு முன்பின்னாக அசையும் பெக்குகளைச் செய்கிறது. எழுந்து நின்று ஓட்டுவோருக்கு அது சுகம், நம் அளவுகோலுக்கு அதனிடம் வேலை இல்லை.

நான்காவது வகையான ரியர்செட், பெக்கை மட்டுமல்லாமல் பிராக்கெட், கியர் லீவர், பிரேக் பெடல் ஆகிய அனைத்தையும் ஒருங்கே மாற்றி, பாதத்தை மேலேயும் பின்னேயும் கொண்டுபோகிறது. லக்ஸம்பர்க்கின் கில்ஸ் டூலிங், ஜப்பானின் சாட்டோ ரேசிங், அமெரிக்காவின் வுட்கிராஃப்ட், வோர்டெக்ஸ், இத்தாலியின் லைட்டெக் என்று இதில் கைதேர்ந்தவர்கள் பலர். பந்தயத் தடத்தில் ஓட்டுபவருக்கு இது ஏறக்குறைய இன்றியமையாதது. பல துளைகள் கொண்ட தகட்டில் பெக்கின் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு நல்லது. ஆனால் துளைகளின் எண்ணிக்கையைவிட, ஒவ்வொரு நிலையிலும் கியர் லீவரின் இணைப்புக் கம்பி சரியாக வேலை செய்கிறதா என்பதே முக்கியம். லீவர் நடுநிலையில் இருக்கும்போது கம்பி கியர் தண்டின் கைக்கு ஏறக்குறைய 90 டிகிரியில் சேர வேண்டும். மிகவும் விலகினால் மேலே போடும் கியருக்கும் கீழே போடும் கியருக்கும் தேவைப்படும் அழுத்தம் வேறுபட்டு, தவறான கியர் விழத் தொடங்கும். சில நிலைகளில் கம்பி சட்டத்திலோ எஞ்சின் உறையிலோ உரசுவதும் உண்டு. லீவரின் சுழல் இடத்தில் பேரிங் இருந்தால் தொடக்கத்தில் அசைவு மென்மையாக இருக்கும்; மழையிலும் சேற்றிலும் ஓடும் வண்டிக்குக் கிரீஸ் போட்டுப் பராமரிக்கக்கூடிய வெண்கலப் புஷ் போதும், சில சமயம் அதுவே நீடித்து உழைக்கிறது.

ரியர்செட்டின் வலப்பக்கம் இன்னும் கவனம் கேட்கிறது. பின் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் (பிரேக் திரவத்தை அழுத்தும் உருளை) இடம் மாறுகிறது. அதன் ஹோஸ் இழுபடாமலும் முறுகாமலும் இருக்க வேண்டும், பிரேக் விளக்கை எரியவைக்கும் சுவிட்சும் புதிய பெடலோடு இணைய வேண்டும். பந்தயத்துக்காக மட்டுமே செய்யப்பட்ட சில செட்டுகளில் இந்தச் சுவிட்சுக்கு இடமே கிடையாது. பெக் மடங்குமா என்பதுதான் அடுத்த கேள்வி. தடத்துக்கான ரியர்செட்டுகளில் பெரும்பாலும் மடங்காத திடமான பெக் வருகிறது. சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம், சூப்பர்பைக் பந்தய விதிகளில் மடங்காத உலோகப் பெக்குக்குப் பிளாஸ்டிக், டெஃப்லான் அல்லது அதற்கு இணையான பொருளாலான, குறைந்தது 8 மி.மீ ஆரம் கொண்ட முனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மடங்கும் பெக்காக இருந்தால் அது தானாகத் திரும்ப வேண்டும் என்கிறது. தடத்தில் சாலையின் மேற்பரப்பு தெரிந்தது, பெக் எங்கே தொடும் என்பதும் அளந்து வைத்தது. சாலையில் பள்ளமும், சாய்வு மாறும் தளமும், விளிம்பில் எழும்பிய கல்லும் உண்டு. ஆகவே சாலை வண்டிக்கு ரியர்செட் வாங்குபவர் மடங்கும் பெக் உள்ள பதிப்பையே கேட்டு வாங்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

உயரம் ஏறினால் முழங்கால் மடங்கும். தொடையும் கணுக்கால் வரையிலான காலும் தலா 430 மி.மீ, இடுப்பிலிருந்து கணுக்காலுக்குத் தூரம் 560 மி.மீ என்று கொண்டால், அந்தத் தூரம் 20 மி.மீ குறையும்போது முழங்கால் கோணம் ஏறக்குறைய 81 டிகிரியிலிருந்து 78 டிகிரிக்கு அருகே வந்துவிடுகிறது. வண்டிக்கு இரண்டு டிகிரி சம்பாதித்துக் கொடுக்க முழங்கால் மூன்று டிகிரிக்கு மேல் செலுத்துகிறது. உயரமானவர்களுக்கு இந்தக் கட்டணம் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே உறைக்கும். பெக் ஏற்கெனவே இடுப்புக்குப் பின்னால் இருக்கும் வண்டிகளில், இன்னும் சற்றுப் பின்னே நகர்த்துவதால் இந்த இழப்பில் ஒரு பகுதி ஈடாகும், ஆனால் அப்போது உடலின் எடை மணிக்கட்டுகளின் மேல் சாயத் தொடங்கும். நீளத்தைக் குறைப்பதை நான் முன்னிறுத்துவதற்கு இதுவே முதன்மையான காரணம். எனினும் குட்டையாக்குவதற்கும் எல்லை உண்டு: பாதத்தின் முன்பகுதி முழுமையாகப் பெக்கின் மேல் பதிய வேண்டும், இல்லையென்றால் வெளியே நீளும் பூட்ஸின் விளிம்பே பெக்குக்கு முன் தரையைத் தொட்டுவிடும்.

தாழ்வான இருக்கையும் நீண்ட உடலும் கொண்ட க்ரூஸர் வண்டிகளின் நிலை வேறு. அவற்றில் பல 30 டிகிரி அல்லது அதற்கும் குறைவான சாய்விலேயே தரை தொடுகின்றன. பெக்குக்கு அருகிலேயே சைலன்சரும் சட்டமும் காத்திருக்கின்றன. ஃபுட்போர்டு வைத்த வண்டியில் அதன் அடியில் உள்ள தேய்மானத் துண்டு மாற்றக்கூடியதாக இருந்தால், அதைக் காலத்தோடு மாற்றுவதும் பின் சஸ்பென்ஷனைச் சீர்செய்வதும் போதும். அதற்கு மேல் பெக்கில் செலவிடுவது பெரும்பாலும் வீண்.

விழும்போது என்ன நடக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முதலில் உடைய வேண்டியது பெக், அடுத்தது பெக்கைப் பிடிக்கும் போல்ட், அதன்பின் பிராக்கெட். சட்டத்தின் மரை எந்த நிலையிலும் கெடக் கூடாது. மிகவும் திடமான பெக்கும் தடிமனான போல்ட்டும் கொண்ட செட் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறது. வண்டி லேசாக விழுந்தாலும் பெக் முழுதாக மிஞ்சி, சட்டத்தில் பிளவு விழுகிறது. வுட்கிராஃப்ட் தன் ரியர்செட்டின் பாகங்களைத் தனித்தனியே விற்பது இந்த நோக்கில் பாராட்டத்தக்கது. மாற்றக்கூடிய முனை கொண்ட பெக்குக்கும் இதே சாதகம் உண்டு: தேய்ந்தது முனை மட்டுமென்றால் முனையை மட்டும் மாற்றலாம்.

பொருத்தும்போது போல்ட்டுகளைச் சேவைக் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள்; அதற்கு முன் மரையில் நடுத்தரத் திரெட் லாக் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) இடுங்கள். எஃகுப் பின்னும் அலுமினியமும் சேரும் இடத்தில் சிறிது கிரீஸ் வைத்தால் அந்தப் பின் இறுகிப்போகாது. பிறகு கியர் லீவரின் உயரத்தையும் பிரேக் பெடலின் உயரத்தையும் புதிய பெக்குக்கு ஏற்ப மாற்றியமைக்க வேண்டும். பெக்கை உயர்த்திவிட்டு லீவரைப் பழைய இடத்திலேயே விட்டால், சாய்ந்த நிலையில் முதலில் தொடுவது பிரேக் பெடலின் நுனியாக இருக்கலாம். எல்லாம் முடிந்த பின் உயரத்தையும் தூரத்தையும் மீண்டும் அளந்து வகுத்து, பெக்கின் ஈவே இன்னும் மிகக் குறைவானது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். முதல் சில பயணங்களுக்குப் பிறகு போல்ட்டுகளை மறுபடி பார்ப்பது வழக்கமான எச்சரிக்கைதான்.

ஆகச் சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கு என் தேர்வு, மடங்கும் கீல் கொண்ட குட்டையான 6061 அலுமினியப் பெக், குட்டை ஃபீலரோடு. சாலையிலும் தடத்திலும் ஓட்டுபவருக்கு, மடங்கும் பெக்கும் பிரேக் விளக்குச் சுவிட்சும் உள்ள ரியர்செட், தகட்டின் நடுத்துளைகளில் தொடங்கி. தடத்துக்கு மட்டுமான வண்டிக்கு, பிளாஸ்டிக் முனையுடைய திடமான பெக்கே போதும், அது எளிதில் வளையாது, தளர்வும் இராது. எதை வாங்கினாலும், பணம் கொடுப்பதற்கு முன் இடது பெக்கும் வலது பெக்கும் உதிரியாகத் தனித்தனியே கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி பொதுவாக ஒரு பக்கமாகத்தான் விழுகிறது, ஜோடியாக மட்டுமே விற்பவரிடம் மறுபக்கத்துக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.